வெள்ளிக்கிழமை இறைக்கும் தொட்டி

வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் என்னை அசெசராக உட்கார வைத்தது ஒரு கார்த்திகை மாதத்தில். தீர்ப்பு நீதிபதியுடையது. வழக்கைக் கேட்டு அபிப்பிராயம் சொல்வது மட்டும் எங்கள் மூன்று பேர் வேலை. நான் ஆம்பூரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை விற்பவன். கடையிலேயே அதிகம் பேசமாட்டேன். சபை நடுவே வாய் திறக்க வேண்டுமே என்ற நினைப்பில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

கூண்டில் நின்றவர் எழுபதைத் தாண்டிய கிழவர். தான் வேலை பார்த்த தோல்ஷாப்பில், தோல் ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டியருகே நடந்த சண்டையில் தன் தம்பியைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். தொட்டியில் தண்ணீர் இல்லை. கல் தரையில் தலை மோதித் தம்பி இறந்துபோனான். காலி என்று தெரிந்தே தள்ளினார், ஆகவே கொலை என்றார் சர்க்கார் வக்கீல். அது நிலைத்தால் தூக்கு. கிழவரோ "நான்தான் தள்ளினேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கென்று நியமித்த வக்கீலிடமும் பேசவில்லையாம்.

தம்பியின் மனைவி சாட்சி சொன்னாள்.

"குடிச்சிட்டு வந்தா மாமா அவர தொட்டியில தள்ளி வுடுவாரு. முங்கி எழுந்தா போத எறங்கிடும். ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே வூட்டுக்கு வருவாங்க."

அடுத்து வந்த மேஸ்திரி, "தொட்டி காலின்னு ஷாப்புல எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார். சர்க்கார் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. தோல்ஷாப்புகளில் தொட்டியை இறைத்துக் காலி செய்வது வெள்ளிக்கிழமை, வேலை நிறுத்தும் நாளில். தம்பி இறந்தது செவ்வாய்க்கிழமை. கையைப் பாதி தூக்கினேன். நீதிபதி பார்த்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமதானே தொட்டி எறைப்பீங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"சத்தமா கேளுங்க ஐயா, பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல" என்றார் நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி கேட்டேன்.

"புதன்கெழம பக்ரீத், ஷாப்பு லீவு. அதனால திங்கக்கெழமயே எறைக்கச் சொல்லிட்டாரு மொதலாளி" என்றார் மேஸ்திரி.

"அன்னிக்கி கூண்டுல நிக்கறவரு வேலைக்கி வந்தாரா?"

"எங்க வந்தாரு? சோளிங்கருக்குப் போய்ட்டாரே. செவ்வாக்கெழம பொழுது சாயறப்ப ரயில வுட்டு எறங்கி, மொட்ட தலையோட நேரா ஷாப்புக்குத்தான் வந்தாரு."

"தொட்டி காலின்னு அவருகிட்ட யாராவது சொன்னீங்களா?"

"யாரு சொல்றது சார்? வந்ததுமே சண்டதானே."

பின்னாலிருந்து தம்பி மனைவி கத்தினாள்: "தம்பி குடிய வுடணும்னு வேண்டிக்கினு மல ஏறி மொட்ட போட்டாரு. வந்து பாத்தா அவரு நிக்க முடியாம ஆடறாரு! கோவம் வராதா?"

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலியே."

சேவகன் அவளை அடக்கினான். நான் கிழவரைப் பார்த்தேன். மழித்த தலையில் வெள்ளை முடி கட்டை கட்டையாக முளைத்திருந்தது. முதல் தடவையாக அவர் அழுதார்.

அபிப்பிராயம் கேட்டபோது எழுந்து நின்றேன். "கொலை இல்லை" என்றேன். இந்த முறை என் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். நீதிபதியும் கொலை அல்ல என்று தீர்த்தார். ஆனாலும் பாராமல் தள்ளியதால் ஓர் உயிர் போயிற்று, அதற்குத் தண்டனை உண்டு. வயதை எண்ணி ஒரு வருஷம் வெறுங்காவல் என்றார்.

தாழ்வாரத்தில் கிழவரை அழைத்துப் போகும்போது தம்பி மனைவி வழியை மறித்தாள்.

"என்ன தூக்குல போட்டிருக்கலாம்மா" என்றார் அவர்.

"போட்டுட்டா எங்கள யாரு பாக்கறது? உன் தம்பியா எழுந்து வரப்போறாரு? சும்மா பேஜார் பண்ணாத மாமா. ஜெயில்ல போடற சோத்த ஒழுங்கா துன்னு. மல ஏறத் தெம்பு வேணும்."

"எந்த மல?"

"சோளிங்கருதான். இந்த தடவ எங்களையும் கூட்டிக்கினு போவணும்."

கிழவர் தலையைத் தடவிக்கொண்டார். "அதுக்குள்ள முடி வளந்துடும்" என்றார்.

மறு வருஷம் ஆம்பூர் ஸ்டேஷனில் பட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர்களைப் பார்த்தேன். தம்பி மனைவியும் அவள் மகளும் முன்னால் இறங்கினார்கள். பிரசாத மூட்டையோடு பின்னால் இறங்கிய கிழவரின் தலை பளபளவென்று இருந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். அன்றைக்கு நானாகப் போய், "மலை ஏற முடிஞ்சதா?" என்று கேட்டேன்.