நாலு தேசிக்காயும் பன்னிரண்டு டயர்களும்

லண்டனை வெப்பமான ஊர் என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். என் கணவர் சொன்னார். சொல்வதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் எட்டு வருடம் ஈரக் கையுறையோடு நின்ற மனிதர் அவர். நானும் கல்யாணம் முடித்து நேரே அங்கேதான் போய் இறங்கினேன். பிறகு ஒஸ்லோவுக்குக் கிழக்கே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி வந்தபோது, "அப்பாடா, சூடான இடத்துக்கு வந்திட்டம்" என்றார். அந்தச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் நடுங்கிய பிறகு அவருடைய பார்வை லண்டன் பக்கம் திரும்பியது.

வெளியே சொன்ன காரணம் வேறு. எங்கள் ஒரே மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை தனிய என்னத்தைச் சாப்பிடுறாளோ" என்று ஒவ்வொரு இரவும் சோற்றுக் கோப்பையின் முன்னால் கவலைப்படுவார். பிள்ளையின் வயிற்றைவிட அவருடைய முழங்கால்தான் அதிகம் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே கடை வைத்திருந்த அவருடைய மச்சான் ஒருவர் வேலை தருவதாகவும் சொல்லிவிட்டார். மகளிடம் கேட்டபோது, "வாங்கோ அப்பா. ஆனா எனக்குப் பக்கத்தில வீடு எடுக்காதேங்கோ" என்றாள். அவர் அதை வரவேற்பாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என்னுடைய கள்ளத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் போக விருப்பமில்லை. முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும், அங்கிருந்த கிழடுகளையும் பிடிக்கும். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போனவள், ஒரு வருட விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அவர், "குடுத்திட்டீரோ?" என்று கேட்டார். "ஓம், எழுதிக் குடுத்திட்டன்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. லண்டனைப் பற்றிக் கதைக்கும்போது அந்த மனிதரின் முகம் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருடத்துக்குள் அவருக்கு மனம் மாறவேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லவேண்டும். இந்த இரண்டில் எது முதலில் நடக்கும் என்ற பயத்தோடுதான் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டோம். "விலை ஏறட்டும், பிறகு பாப்பம்" என்றார். கார் மட்டும் எங்களோடு வரும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஸ்டியரிங் இடப்பக்கம், பின்பக்கம் நீளம், வயதும் போய்விட்ட வண்டி. அதை விட்டுவிட்டு வருவதென்றால் என்னை விட்டுவிட்டு வருவதுபோல என்றார். யாரை உயர்த்தினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தைப்பொங்கல் முடிந்த கிழமை பயணம். சுவீடன், டென்மார்க், ஜேர்மனி என்று இறங்கிக் கப்பலேறிப் போகவேண்டும். அப்போதுதான் டயர் பிரச்சினை வந்தது.

குளிர்காலத்துக்கு எங்களிடம் ஆணி டயர்கள் இருந்தன. ரப்பருக்குள் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் பதித்திருக்கும், பனிக்கட்டியில் நகம் போலப் பிடிக்கும். ஆனால் ஜேர்மனிக்குள் ஆணி டயரோடு போகக்கூடாது, சட்டம். கோடை டயர்கள் நான்கு பரணில் கிடந்தன. லண்டனுக்கு அவை போதும், ஆனால் லண்டன் வருவதற்கு முன்னால் அரைவாசி ஐரோப்பாவின் பனி கிடக்கிறதே. மூன்றாவது வழி, ஆணியில்லாத குளிர்கால டயர். புதிதாக வாங்கவேண்டும்.

"பனியே இல்லாத ஊருக்குப் போறவன் வின்டர் டயர் வாங்கிறதோ? சனம் சிரிக்கும்" என்றார்.

சனம் சிரிக்கவில்லை, ஆலோசனை சொன்னது. ஒஸ்லோவில் ஒரு தமிழ் ஆண் கார் வாங்கினாலே பத்துப் பேர் வந்து டயரை உதைத்துப் பார்ப்பார்கள். நாடு விட்டு நாடு போகிற கார் என்றால் கேட்கவா வேண்டும்? கோயிலில் திருநீறு வாங்கிய கையோடு டயர் மகாநாடு கூடியது. ஜேர்மன் எல்லைவரை ஆணி டயரில் போய், வீதியோரத்தில் ஜாக்கி போட்டுக் கோடை டயருக்கு மாற்றலாம் என்றார் ஒருவர். அதுவரை கோடை டயர்களைக் காரின் பின்பக்கம் வைக்கலாமாம். அப்படியென்றால் என் கிரைண்டரை எங்கே வைப்பது? சாமிப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, கிரைண்டரைக் காலுக்கிடையில் வைக்கச் சொன்னார்கள். ஜாக்கியைப் பற்றி அவ்வளவு விபரமாகக் கதைத்தவர்களில் ஒருவராவது தன் காருக்குத் தானே டயர் மாற்றிய ஆளில்லை.

பொங்கலுக்கு முன்னால் நாலு நாள் மழை பெய்து, பனி கரைந்து, வீதி கறுப்பாகத் தெரிந்தது. அதைக் கண்டதும் அவருக்குத் துணிவு வந்துவிட்டது. ஆணி டயர்களைக் கழற்றிக் கோடை டயர்களைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஆணி டயர் எங்கை?"

"லில்லெஸ்ட்ரோமில ஒரு இந்தியப் பெடியன், இன்ஜினியர், புதுசா வந்திருக்கிறான். பாவம், குளிர் தெரியாது. குடுத்திட்டன்."

டயருக்காக யாராவது அழுவார்களா? குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன், சாட்டுக்கு. ஆணி டயரைக் கொடுத்துவிட்டவர் திரும்பி வரப்போவதில்லை என்றுதான் எனக்குப் பட்டது. வெளியே வந்து, "பெரிய வள்ளல்தான்" என்று மட்டும் சொன்னேன்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவர் நாலு தேசிக்காய் வாங்கி வந்தார். நல்ல காரியத்துக்கு வாகனம் புறப்படும்போது நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். ஒஸ்லோவிலும் அதை விடவில்லை, கடையில் கிடைக்கும் மஞ்சள் எலுமிச்சையை வைத்துச் சமாளிப்போம். நல்ல நேரம் அடுத்த நாள் காலை ஒன்பது பத்துக்கு. காலையில் குந்தியிருந்து முழங்காலை வருத்துவானேன் என்று, பின்னேரமே சில்லுகளோடு ஒட்டி வைத்துவிட்டு வந்து படுத்தார்.

அன்றிரவு பார்த்துக் குளிர் திரும்பி வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் மழைத் தண்ணீர் எல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. ஒன்பது பத்துக்குக் கற்பூரம் கொளுத்தி, பிள்ளையாரை நினைத்து, அவர் காரைக் கிளப்பினார். முன் சில்லுகள் சுற்றின. கார் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். சில்லுகள் இன்னும் வேகமாகச் சுற்றின. இறங்கிப் பார்த்தோம். நாலு தேசிக்காயும் கருங்கல்லாக உறைந்து, நிலத்தோடு ஒட்டிப்போய், சில்லுகளுக்குக் கட்டை கொடுத்த மாதிரி இருந்தன. எத்தனையோ நாடு தாண்டப் புறப்பட்ட கார் ஒரு தேசிக்காயைத் தாண்டவில்லை.

"தள்ளுங்கோ, நான் எடுக்கிறன்" என்றேன். பாட்ஸ்பியோர்ட் பனியில் கார் பழகியவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மெதுவாகப் பின்னால் எடுத்து, மெதுவாக முன்னால் விட்டேன். கார் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து, எங்கள் தபால் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றது. வழியனுப்ப வந்த கீழ்வீட்டுத் தம்பி கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணை, கோடை டயரோ போட்டிருக்கிறியள்?"

"அது டயரில பிழையில்லை. தேசிக்காய் சரியில்லை" என்றார் என் கணவர்.

அந்தத் தம்பிதான் தன் காரில் கயிறு கட்டி எங்களை லில்லெஸ்ட்ரோமில் உள்ள டயர்க் கடைக்கு இழுத்துப் போனார். நல்ல நேரம் முடிந்து, ராகு காலமும் வந்து போய்விட்டது. கடைக்காரர் கதை குறைந்த ஒரு நோர்வேஜியர். காரையும் கயிற்றையும் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்துத் தெரிந்த ஆளுக்குப் போலத் தலையசைத்தார். எல்லோருக்கும் அப்படித்தான் அசைப்பாராக்கும் என்று நினைத்தேன்.

ஆணியில்லாததில் இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று கடினமான ரப்பர், ஜேர்மன் நெடுஞ்சாலைக்கும் மழைக்கும் ஏற்றது. மற்றது மிருதுவானது, இங்கத்தைய பனிக்கட்டிக்கென்றே செய்தது. இளஞ்சூட்டில் ஓடினால் கெதியில் தேய்ந்துவிடும்.

"எங்கே போகிறீர்கள்?"

"லண்டனுக்கு" என்றார் என் கணவர்.

"எப்போது திரும்புகிறீர்கள்?"

"திரும்பமாட்டோம்" என்றார் அவர், சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தபடி. கடைக்காரர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் நோர்வேஜியர்கள் கெட்டிக்காரர்கள், அதனால் நானும் பெரிதாக எடுக்கவில்லை.

"மிருதுவானதைப் போடுங்கோ" என்று நான் வாய் விட்டுவிட்டேன். லண்டன் போகிறவளுக்கு ஒஸ்லோ பனிக்கட்டி டயர் எதற்கு? அவர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். "ஓம், அதையே போடட்டும்" என்றார். தேசிக்காய் அவருடைய திமிரை அடக்கிவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். கழற்றிய கோடை டயர்களை நீலப் படங்குச் சீலையால் மூடிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, சூடான தேசத்துக்குப் புறப்பட்டோம்.

சூடான தேசத்தில் எங்களுக்குக் கிடைத்தது, மச்சான் முன்கூட்டியே பிடித்து வைத்த ஒரு மேல்மாடி வீடு. ஒஸ்லோவில் குளிர் வீட்டுக்கு வெளியே நிற்கும். லண்டனில் அது உள்ளே வந்து எங்களோடு சாப்பிட உட்கார்ந்தது. ஜன்னல் இடுக்கால் காற்று, சுவரில் ஈரம். அவர் ஒருநாளும் குளிர்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் பாட்ஸ்பியோர்ட்டில் வாங்கிய கம்பளி உள்ளுடுப்பை வீட்டுக்குள் காற்சட்டைக்குக் கீழே போட்டுக்கொண்டு திரிந்ததை, துணி தோய்க்கிற நான் அறிவேன். மகள் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தாள், அழுக்குத் துணியோடு. சாப்பிட்டாள், துணி காயும்வரை இருந்தாள், போனாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். எங்களைப் பார்த்துக்கொள்ள அவள் பழகிவிட்டாள், நாங்கள்தான் அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வசந்தம் வந்ததும் கோடை டயர்களை மாட்டினோம். மிருதுவான நாலும் எங்கள் கட்டிலுக்குக் கீழே போயின. வேறு இடமில்லை. கோடை முழுவதும் ரப்பர் மணத்தில் படுத்தோம்.

அக்டோபரில் என் வேலையிடத்திலிருந்து கடிதம் வந்தது. தை மாதத்தோடு விடுப்பு முடிகிறது, திரும்பி வருகிறீர்களா இல்லையா, இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள். அவர் கண்ணில் படாமல், பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா டின்னுக்குள் ஒளித்தேன். அந்த டின்னை அவர் ஒருநாளும் திறந்ததில்லை, கூழ் தானாக வருகிறது என்பது அவருடைய நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்வோம் என்று எழும்புவேன். சொல்லாமலே படுப்பேன்.

அந்தக் கிழமையே ஒரு காலை, தபாலை எடுக்க நான் முந்திக்கொண்டேன். அவருடைய பெயருக்கு ஒரு அட்டை, நோர்வேஜிய மொழியில். லில்லெஸ்ட்ரோம் டயர்க் கடையிலிருந்து. "குளிர்காலம் வந்துவிட்டது. உங்கள் நான்கு ஆணி டயர்களும் எங்கள் டயர் ஹோட்டலில் பத்திரமாக இருக்கின்றன. மாற்றுவதற்கு எப்போது வருகிறீர்கள்?"

டயர் ஹோட்டல் என்பது பருவம் முடிந்த டயர்களைக் கடைக்காரர்களே வைத்துப் பராமரிக்கும் இடம். அங்கே வைப்பவர்கள் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வருகிறவர்கள். முகவரி சரியாக எங்கள் லண்டன் வீட்டினது. புறப்படுவதற்கு முன்பே அவர்தான் அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

மேசையில் தேநீரோடு இருந்தவருக்கு முன்னால் அட்டையை வைத்தேன்.

"அந்த இன்ஜினியர் பெடியனுக்குக் குடுத்தனீங்கள் எண்டு சொன்னீங்கள்?"

அட்டையை இரண்டு தரம் வாசித்தார். "அவன் கார் வாங்கேல்லை" என்றார்.

"அப்பிடி ஒரு பெடியன் இருக்கிறானோ?"

அவருக்குக் காது சிவந்தது. பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நான்தானே உம்மை வேலையை விடப் பண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தனான். எந்த முகத்தோட திரும்பிப் போவம் எண்டு உம்மட்டைச் சொல்லுறது?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை வெங்காயம் தேடவில்லை. எழுந்து போய் மா டின்னைத் திறந்து கடிதத்தை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மாவை ஊதித் தட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி எழுத்துவரை வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கள்ளனும் கள்ளியும் ஒருவரை ஒருவர் பிடித்த பிறகு என்ன கதைப்பது?

அவர் எழுந்து அறைக்குள் போனார். முழங்கால் நெட்டி முறியும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மனிதர் நிலத்தில் குந்தியிருந்து, கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்து, ஒவ்வொரு டயரையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தேயேல்லை. லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் தாங்கும். அங்கை ஆணி டயர் நிக்குது" என்றார், தலையை வெளியே எடுக்காமல்.

"அப்ப தையில?"

"ஓம். ஆனா தேசிக்காயை இந்த முறை காலமை வைப்பம்."