வலது பெட்டி

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. இந்த மாதிரி விஷயத்தைச் சொன்னதும், "எனக்கும் இப்படித்தான் ஒருமுறை..." என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வருஷக்கணக்காக இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி ஏறுகிறேன். எலியைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

இதில் இருட்டுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திறந்திருந்தது. ஹாலில் வெயில் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது.

மச்சினன் பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தான். யாரோ வீட்டைக் காலி செய்கிறார்களாம். இடுப்பு உயரப் பெட்டிகள். நல்ல மரம். ஆம்ப்ளிஃபயரை நாமே கட்டிக்கொள்ளலாம் என்றான். நாமே என்றால் நான். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவனுக்குத் தெரியாது.

கருத்துக்கு மட்டும் குறைவில்லை. இணையத்தில் ஏதோ ஒரு ஆடியோ குரூப்பில் இருக்கிறான். காதைக் கழற்றி வைத்துவிட்டு வாட் கணக்கைக் கும்பிடுகிற கூட்டம்.

"முந்நூறு வாட் போர்டு போடலாம் மாமா. குரூப்ல எல்லாரும் அதான் சொல்றாங்க."

"அதுல எத்தனை பேர் இந்தப் பெட்டியைப் பார்த்தாங்க?"

"பார்க்கலை. பெரிய பெட்டின்னா பெரிய பவர் வேணும்ல?"

"பழைய காகிதக் கூம்புடா இது. ஒரு வாட் குடுத்தாலே ஹால் ரொம்பிடும். பத்து வாட் டிசைன் தாராளம். உன் முந்நூறைக் குடுத்தா கிழிஞ்சு உன் மடியில வந்து விழும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தான். உட்காரட்டும். எந்த டிசைன் பொருந்தும் என்று ஸ்பீக்கரை அளந்தால் தெரிந்துவிடும். முள் மீட்டரை எடுத்தேன். இடது பெட்டி, மின்தடை ஆறு ஓம். வலது பெட்டி, ஆறு ஓம். ஒழுங்கான ஜோடி.

மீட்டரைக் கழற்றப் போனேன்.

முள் ஆடியது.

லேசாக... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்...

ஸ்பீக்கரின் கூம்பை விரலால் அழுத்தினால் முள் அப்படி ஆடும். கூம்பு அசைந்தால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் மச்சினன் சோபாவில் இருந்தான். என் இரண்டு கையும் மீட்டரில் இருந்தன.

"வெளிய லாரி ஏதாவது போகுதா பாரு."

எட்டிப் பார்த்தான். "தெரு காலியா இருக்கு மாமா."

மீட்டரை இடது பெட்டிக்கு மாற்றினேன். முள் அசையவில்லை. மறுபடி வலது பெட்டி. மூன்று துடிப்பு. நின்றது. மூன்று துடிப்பு.

"வேணாம் மாமா. எடுத்த இடத்துலயே குடுத்துடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்நூறு வாட் வீரன்.

"இரு. உள்ள என்ன ஆடுதுன்னு உன் காதுலயே போடறேன்."

சோதனைக்கென்று நான் வைத்திருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரை எடுத்தேன். வலது பெட்டியின் வயரை மைக் சொருகுகிற இடத்தில் கொடுத்தேன். இடது பெட்டியை ஸ்பீக்கராகப் போட்டேன். வலது பெட்டிக்குள் எது அசைந்தாலும் இடது பெட்டியில் கேட்கும். கழன்ற ஆணியோ எலியோ, எதுவானாலும் இவனை ஒரு வாரம் ஓட்டலாம்.

வால்யூமைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்... என்று இரைச்சல்.

பிறகு... டொக் டொக் டொக்.

கதவைத் தட்டும் சத்தம். எங்கோ தள்ளி.

டொக் டொக் டொக்.

"அப்பா... சத்தத்தைக் குறைங்கப்பா..."

சிறுமியின் குரல். ஏழெட்டு வயது இருக்கலாம். மச்சினன் எழுந்து நின்றுவிட்டான்.

"அப்பா... கதவைத் தொறங்க..."

அழுகை. மூச்சை இழுத்து இழுத்து...

வால்யூமைக் குறைத்தேன். குரல் குறையவில்லை.

சுவிட்சை அணைத்தேன்.

"அப்பா..."

பிளக்கைப் பிடுங்கினேன்.

"...அப்பா."

நின்றது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். வலது பெட்டியின் முதுகைக் கழற்றினேன். வெளியே வயர் மாட்டும் முனையிலிருந்து உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி இரண்டும் நடுவில் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. பல வருஷத்துக் களிம்பு. என் மீட்டர் எதைத் தொட்டு ஆறு ஓம் காட்டியது? அந்த குரூப்பில் யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்.

விற்றவருக்கு மச்சினன் போன் போட்டான். எனக்கும் கேட்கும்படி வைத்தான். ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டிய குரல்.

"வலது பக்கம் பாடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. ஜோடியா அழகா இருக்குன்னு தூக்கிட்டுப் போனீங்க. எங்கப்பா அறுத்து விட்டது அது. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ."

"ஏன் அறுத்தாரு?"

"அம்மா சமையல்கட்டுல விழுந்துட்டாங்க. அப்பா ரூமைப் பூட்டிக்கிட்டு பாட்டு கேட்டுட்டு இருந்தார். நான் தட்டுறேன், கத்துறேன்... அந்தப் பெட்டி கதவை ஒட்டித்தான் இருந்தது. அந்தச் சத்தத்துல அவருக்கு எங்க கேக்கும்? பாட்டு முடிஞ்சு அவர் வெளிய வந்தப்போ அம்மா இல்லை. ஏன் கேக்கறீங்க?"

செத்துப்போன ஏதோ ஒரு குழந்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மச்சினனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. கேட்டதை அப்படியே சொல்லிவிட்டான்.

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தோம்.

பிறகு, மெதுவாக...

"இன்னும் தட்டிக்கிட்டுத்தான் இருக்கேனா?"