கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முப்பத்திரண்டு வயதில் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தேன். பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது. கஷ்டம் கான்ஜி என்கிற அவர்களுடைய பட எழுத்துதான். ஒவ்வொன்றும் ஒரு குட்டி வீடு மாதிரி, உள்ளே அறைகளும் படிகளுமாக இருக்கும். எங்கள் வீட்டில் அதன் பெயர் கஞ்சி. "இன்னைக்கு எத்தனை கஞ்சி?" என்றுதான் என் கணவர் கேட்பார்.

அவர் வேன் ஓட்டுகிறார். காலையில் கீழ்பென்னாத்தூரில் இருந்து அந்த வேனில்தான் நானும் திருவண்ணாமலைக்கு நர்ஸ் வேலைக்கு வருவேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டை அட்டையாக வெட்டி, வெறும் பக்கத்தில் எழுத்தையும், மறுபக்கம் மணமக்கள் பெயருக்கு நடுவே தமிழ் அர்த்தத்தையும் ஞாபகத்துக்கு ஒரு குறிப்பையும் எழுதிவைத்திருந்தேன். பனி இறங்கிய காலைகளில் பாதித் தூக்கத்தில் அட்டையைப் பார்ப்பேன். கண்ணை மூடினால் அந்த எழுத்துகள் வேர்க்கடலைக் காட்டின் மேல் கொக்குகள் மாதிரி இறங்கி உட்காரும். கண்ணைத் திறந்தால் மலை பாதி மேகத்துக்குள் இருக்கும். எது கனவு, எது ரோடு என்று தெரியாமலே ஆஸ்பத்திரி வந்துவிடும்.

புது எழுத்து என்றால் எனக்குப் பித்து. சுகம் என்ற எழுத்தின் தலையில் புல்லை வைத்தால் மருந்து என்றாகிவிடும் என்று கண்டுபிடித்த அன்று, ஊசி போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன். தினமும் பதினைந்து புதுசு. பழசைத் திரும்பப் பார்க்கச் சொல்லி ஆன்லைன் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பொறுமையில்லை. படித்தது படித்ததுதானே என்று, முடித்த அட்டைகளை ரப்பர் பேண்டால் கட்டாக்கி வேனில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் போட்டுவிடுவேன்.

ஒரு மழைநாள் மதியம், செங்கம் ரோட்டில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர் என் கணவருக்கு போன் செய்தார். தங்கியிருந்த ஜப்பானிய அம்மாவுக்குக் காய்ச்சல், மூக்குக்கண்ணாடியும் உடைந்துவிட்டது, உன் மனைவிக்கு அந்த மொழி தெரியுமாமே என்றார். டியூட்டி முடிந்ததும் இருவரும் போனோம். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கமான மாத்திரைகள் இரண்டு கவரில் இருந்தன. காய்ச்சலில் எல்லாம் குழம்புகிறது, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று படித்துச் சொல்லச் சொன்னார்.

இரண்டு கவரிலும் முதல் எழுத்து ஒன்றுதான்: சாப்பாடு. அடுத்த எழுத்துதான் வேறு. முதல் மாதத்தில் படித்தவை அவை. 'தாமதம்', 'பொறுப்பு' மாதிரிக் கஷ்டமான எழுத்தெல்லாம் தெரிந்த எனக்கு, முன்னும் பின்னும் தெரியவில்லை. முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப் பார்ப்பது போல அந்தக் கோடுகள் நெளிந்தன. நர்ஸாக இருந்துகொண்டு யூகித்துச் சொல்லவும் முடியாது.

பின்னால் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர், வெள்ளை மாத்திரைக் கவரைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "இது அப்புறம். பின்னாடி மெதுவா நடந்து வர்றவன்னு நீதானே எழுதி வெச்சிருக்க."

நான் அதை ஜப்பானிய மொழியில் வாசித்தேன். அந்த அம்மா, ஆமாம், வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்தான் என்று தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து எப்படித் தெரியும் என்று கேட்டேன். சவாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையில்லை, அந்த அட்டைக் கட்டைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்தான்.

அன்றோடு புதுசை நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு மேல் பழசு மட்டும். தவறு குறைந்தது. ஆனால் வேனில் கண்ணை மூடினால் எதுவும் வந்து இறங்கவில்லை. அட்டையைத் தொடுவதே ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரைத் தொடுவது போல ஆனது. அவருக்கும் அலுத்துவிட்டது போல. ஒருநாள் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் பாத்ததாவே இருக்கு. ரெண்டு மூணாவது புதுசா குடேன்."

அதிலிருந்துதான் எங்களுக்கு ஒரு கணக்கு அமைந்தது. ஊரிலிருந்து புறப்பட்டதும் முதலில் பழசு. நான் காட்டுவேன், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்வார். தடுமாறியவை மறுநாளுக்கும் வரும். மலை முழுசாகத் தெரிய ஆரம்பித்த பிறகு புதுசு மூன்று. பழசில் ஜாஸ்தி தப்பு வந்தால் ஒன்றுதான். ஆசைப்பட்டு நான் நாலாவதை எடுத்தால் கையை நீட்டி வாங்கி வைத்துக்கொள்வார். புதுசு கம்மியானதும் ஒவ்வொன்றும் நாளெல்லாம் கூடவே இருந்தது. கொக்குகளும் திரும்பி வந்தன.

சென்னைக்குப் போய் மொழித் தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். நேர்காணலும் முடிந்து, விசாவுக்காகக் காத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் ராஜினாமா கடிதம் இன்னும் கொடுக்கவில்லை. என் கணவருக்கு ஜப்பானிய மொழியில் இன்றுவரை ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அட்டையைக் காட்டினால் மட்டும், அர்த்தத்தைத் தமிழில், ஏறக்குறைய என் அளவுக்குச் சொல்வார்.