ரெகுலேட்டரோடு குன்றத்தூருக்கு

காலை ஏழு பத்து. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். போகவேண்டிய இடம் குன்றத்தூர் முருகன் கோயில். பல்லாவரம் வரை ரயில், பிறகு பஸ். மொத்தம் இருபது கிலோமீட்டருக்குள். இந்தத் தூரத்தை நானும் என் மனைவி கமலாவும் இதுவரை நான்கு முறை தொடங்கியிருக்கிறோம். முடித்ததில்லை. அதிகபட்ச சாதனை, குரோம்பேட்டை.

காரணம் நான். முப்பத்தோரு வருடம் தொழிற்சாலைகளில் பாதுகாப்புச் சோதனை செய்யும் அரசு வேலை. பாய்லர் வால்வு மூடியிருக்கிறதா என்று கேட்டே சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்றதும் கேட்பதற்கு ஆலை இல்லை, வீடு இருந்தது. கதவுக்குப் பின்னால் கேஸ், குழாய், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் என்று பதினான்கு இனங்கள் கொண்ட பட்டியல் ஒட்டியிருக்கிறேன். கிளம்புமுன் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு, கீழே கையெழுத்திட வேண்டும். போட்ட டிக்கை நம்பலாமா என்பதற்கு மட்டும் விதிமுறை எழுத விட்டுப்போயிற்று. அதனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன்.

இந்த முறை அது நடக்கக்கூடாது. அடுத்த புதன்கிழமை கமலாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. “டாக்டர் வைக்கிற மூட்டு வைக்கட்டும். அதுக்கு முன்னாடி என் சொந்த மூட்டோட ஒரு தடவை மலை ஏறிடணும்” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

7.40. மின்சார ரயில், இரண்டு டிக்கெட் பத்து ரூபாய். சானடோரியம் தாண்டியது. குரோம்பேட்டை வந்ததும் என் கால் தானாகச் செருப்பைத் தேடியது.

“கமலா, கேஸை...”

அவள் கூடைப் பையைத் திறந்தாள். தேங்காய், வெற்றிலை, மல்லிகைச் சரம். அவற்றுக்கு அடியில், ஆரஞ்சுக் குழாய் வாலோடு, எங்கள் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர்.

“கழட்டி மூடியும் போட்டுட்டேன். இப்ப எது கசியும், சொல்லுங்க.”

எதுவும் கசியாது. ரெகுலேட்டரைக் கழற்றினால் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். இதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். எதிரே காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, சாமிக்கு கேஸு கனெக்சன் குடுக்கப் போறியா?”

“சாமிக்கு இல்லம்மா. இவருக்கு.”

பெட்டியே சிரித்தது. ரயில் குரோம்பேட்டையை விட்டது. எங்கள் சாதனை முறியடிக்கப்பட்டது.

8.05. பல்லாவரம். வெள்ளிக்கிழமை என்பதால் சந்தை. பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ரோஜாச் செடியிலிருந்து ஒற்றைக் கால் நாற்காலி வரை இங்கே கிடைக்கும். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று வேடிக்கை பார்க்கப் போனது என் தவறு. ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் பழைய தண்ணீர் மோட்டார்கள் நான்கு வரிசையாக இருந்தன.

ஆறரைக்கு மோட்டார் போட்டேன். நிறுத்தினேனா? பட்டியலில் டிக் போட்டது நினைவிருந்தது. கை சுவிட்சுக்குப் போனது நினைவில்லை.

“கமலா, மோட்டார்.”

“அதையும் பிடுங்கிப் பையில போட்டுட்டு வந்திருக்கணுமா?”

அவள் பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். “போகணும்னா போகலாம். ஆனா இனிமே கேக்க மாட்டேன்” என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், வூடு எங்க கீது?”

“தாம்பரம்.”

“கோயிலு?”

“குன்றத்தூர்.”

“ரெண்டும் நூத்தியிருவதுதான். வூட்டாண்டயா, கோயிலாண்டயா? சொல்லிட்டா வண்டிய அந்தாண்ட திருப்பிக்கினு போய்க்கினே இருப்பேன். நடுரோட்ல நின்னுகினு இன்னாத்துக்கு பேஜாரு?”

யோசித்தேன். கேஸ் எழுந்துபோன இடம் சூடு ஆறுவதற்குள் மோட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரை எழுப்பினால் இஸ்திரிப் பெட்டி வரும். வரிசையில் பதினான்கு பேர். கமலாவின் மூட்டுக்கு மீதி ஐந்து நாள்.

“கோயில்” என்றேன். மனசுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன்.

8.50. குன்றத்தூர். மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. எண்பத்து நான்கு படிகள். கமலா பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாள். என் தோளில் அவள் கை. “முப்பது... முப்பத்தொண்ணு” என்று நான் எண்ண, “ஆபீஸ் ஞாபகமா? மனசுக்குள்ள எண்ணுங்க” என்றாள். அறுபதாவது படியில் அவள் கால் நடுங்கியது. உட்கார வைத்தேன். எழுந்தாள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது, கீழே ஏரியில் மார்கழி வெயில். மோட்டாரை எந்தப் படியில் விட்டேன் என்று தெரியவில்லை.

இந்தச் சன்னிதியில் ஒரு விசேஷம். எந்தப் பக்கம் நின்றாலும் முருகனோடு ஒரு தேவியைத்தான் பார்க்க முடியும். இன்னொருவரைப் பார்க்க இடம் மாற வேண்டும். நான் வழக்கம்போல இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கோணம் தேடினேன். கமலா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

பகல் ஒன்றே கால். தாம்பரம். எங்கள் வீட்டுச் சுவர் மாடியிலிருந்து தரை வரை நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வாசலுக்கு வந்தார்.

“அண்ணா, உங்க மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பத்து மணிக்கு கரண்ட் போச்சு, அதுவா நின்னுடுச்சு.”

“அக்கா செல்லுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?”

“நம்பர் எடுத்துட்டேன். பண்ணினா நீங்க பாதி படியில திரும்பிடுவீங்கன்னு வெச்சுட்டேன்.”

ஆக, பயந்தது நடந்தே விட்டது. சேத விவரம்: மூன்றரை மணி நேரத் தண்ணீர், ஒரு ஈரச் சுவர், வயிறு நிறைந்த ஒரு முருங்கை மரம். தண்ணீரை வீணாக்கியது தப்புதான். ஆனால் நான்கு பயணங்களை நான் காவு கொடுத்தது இதற்காகவா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அந்த ரெகுலேட்டரை மாட்டிக் குடுங்க. காபி போடணும்” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ரெகுலேட்டர் சிலிண்டரிலேயே இருந்தது. மோட்டார் சுவிட்சை மட்டும் கையால் தொட்டு அணைத்தேன். கதவை ஒருமுறைதான் இழுத்துப் பார்த்தேன். சரி, இரண்டு முறை. தெருமுனையிலிருந்து திரும்பி வரவில்லை.