ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை

இன்ஜினியரிங் காலேஜ் இன்டர்வியூவில் மூன்று பெரிய அதிகாரிகளைச் சிரிக்க வைத்து, ஒரே வரியில் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தவன் நான். டீக்கடையில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் ஒரு நிமிடம் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். பிறகு உண்மையையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இன்டர்வியூ எனக்கில்லை, அக்காவுக்கு. எனக்கு அப்போது பத்து வயது. அதிகாரிகள் என்று நான் சொன்னது இரண்டு வாத்தியார்களையும் ஒரு மேடத்தையும். நான் உள்ளே போனதற்கு ஒரே காரணம், வெளியே விட்டால் எதையாவது உடைத்து வைப்பேன் என்று அம்மா பயந்ததுதான்.

எங்களுக்கு ஊர் எம். புதுப்பட்டி. அப்பா பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவர். அம்மா அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது அலுமினியப் பவுடர் படிந்து முகம், கை, காதுமடல் எல்லாம் வெள்ளியாக மின்னும். வெயில் சாய்கிற நேரத்தில் தெருமுனையில் அவர் திரும்பினால், வானத்தில் ஒரு துண்டு உடைந்து நடந்து வருவது போல இருக்கும். அப்பா வெளிச்சத்தால் ஆனவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சோப்புப் போட்டதும் அந்த வெளிச்சம் சாக்கடையில் ஓடிவிடும். மிச்சம் இருப்பவர் சாதாரண அப்பா.

அக்கா அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். நான் ஐந்தாம் வகுப்பில் கடைசி மார்க். இரண்டு முனைகளையும் எங்கள் வீடே பிடித்துக்கொண்டதால், நடுவில் இருப்பவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

விருதுநகர் தாண்டி ஒரு காலேஜில், நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளில் பத்துப் பேரைப் பொறுக்கி, நாலு வருடமும் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்டு நிற்பவர்களோ நூற்றுக்கணக்கில். கிடைத்தால் அக்கா இன்ஜினியர். கிடைக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்ன வேண்டியதுதான். கம்பெனி மேஸ்திரி ஏற்கெனவே, "மக எப்பத்தா வாரா? சீசனுக்கு ஆள் பத்தல" என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தார்.

அப்பாவும் அம்மாவும் மாறி மாறி வேலைக்கு லீவு போட்டு அலைந்தார்கள். வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ். அதில் இனிஷியல் தப்பு என்று சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ். பிறகு முதல் பட்டதாரிச் சான்று. எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் காலேஜ் படித்ததில்லை என்பதற்கு அரசாங்கம் அத்தாட்சி தர வேண்டுமாம்.

"எங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியாதாய்யா?" என்று அப்பா அங்கே கேட்டிருக்கிறார்.

"தெரியுது. ஆனா சீல் வேணும்ல" என்றாராம் கிளார்க்.

அப்பாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத வராது. ஆனாலும் அந்த விண்ணப்பம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அக்கா எழுத்துத் தேர்வு எழுதினாள், தேறினாள். கடைசியாக ஒரு கடிதம் வந்தது. தாய் தகப்பனோடு நேர்காணலுக்கு வர வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரியாகக் கேட்பாள். "உங்க பொண்ணு எதுக்காகப் படிக்கணும்?"

"அவ நல்லாப் படிக்கிறா, அதான்."

"யப்பா! அப்படிச் சொல்லக்கூடாது. சமுதாயத்துக்குச் சேவை செய்யணும்னு சொல்லுங்க."

"செய்வியா?"

"செய்வேன்ப்பா."

"அப்பச் சரி" என்று அப்பா தலையாட்டிவிட்டு, மறுபடி கேட்டால் மறுபடியும் "நல்லாப் படிக்கிறா" என்பார். அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் இருந்ததைத் தீய விட்டாள். இரண்டு நாளாக அப்பா கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார். நகக்கண்ணில் மட்டும் வெள்ளி போகவில்லை.

அந்தக் காலேஜை இப்போது நினைத்தாலும் நான் தூக்கத்தில் போய் வந்த இடம் மாதிரிதான் இருக்கிறது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து, பாதி தூக்கத்தில் கண்ணைத் திறந்தபோது, கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடம் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. மாணவர்களுக்குத் தனி வரிசை, நேரமாகிவிட்டது என்று அக்கா ஃபைலை அணைத்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டாள். நாங்கள் மூவரும் கேட்டில் நின்றோம்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்று நடந்தது. பட்டாசு கம்பெனியில் கேட்டைத் தாண்டும் முன் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். மருந்து அறைக்குள் செருப்பும் கூடாது. இருபது வருடமாகக் கேட்டைப் பார்த்ததும் அப்பாவின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போகும்.

"போன எங்கனண்ணே குடுக்கணும்?"

காலேஜ் வாட்ச்மேன் விழித்தார். "எதுக்கு?"

"உள்ள போறோம்ல."

இவ்வளவு பணிவாகக் கேட்கிறவரை ஏமாற்றக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வாட்ச்மேன் போனை வாங்கித் தன் ஜன்னலில் வைத்துக்கொண்டார். மூன்று பேர் செருப்பும் கேட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றன. தார் ரோட்டில் வெறுங்காலோடு கட்டடம் வரைக்கும் நடந்தோம். ஏதோ கோயில் நேர்த்திக்கடன் என்று மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

உள்ளே ஏசி. வெறுங்காலில் அந்தத் தரை ஊருணித் தண்ணீர் மாதிரி குளிர்ந்தது. தரையில் எங்கள் உருவம் தலைகீழாக எங்களோடு நடந்து வந்தது. வாசல் மேஜையில் இருந்த பெண் ஒருவர் அப்பாவைப் பார்த்து, "சார், உங்க டர்ன் வரும்போது போனுக்கு மெசேஜ் வரும். ரூம் நம்பர் அதுலயே இருக்கும்" என்றார். அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒருத்தரும் இல்லை. அந்த சார் தான்தான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று நாலைந்து தடவை சொன்னார். சார் என்றதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தோம். எங்கேயோ பியூன் ஒருவர் மணி அடித்தார். யார் யாரோ போனைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் அவள் விரல்கள் மடியில் சரம் பின்னிக்கொண்டே இருந்தன. அவ்வளவு பெரிய கூடத்தில் கடைசியாக நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். எனக்கு அது பெருமையாக இருந்தது. முழு ஏசியும் எங்களுக்குத்தான்.

பொழுது போகாமல், "யப்பா, போனத் தாங்க, பாம்பு கேம் வெளாடுறேன்" என்றேன்.

"கேட்ல குடுத்திருக்குல்லலே" என்றார் அப்பா.

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஏங்க, போனுக்குத்தான மெசேஜு வரும்னாக?"

அப்பா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நடுவெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. அவர் காலை எடுத்து வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் பச்சக் பச்சக் என்று சத்தம். நான் ஓரத்துப் புல்லில் குதித்துக் குதித்து ஓடினேன். அவருக்குப் புல் இருப்பது தெரியவில்லை.

"மூணு தடவ அடிச்சுதுய்யா. அடுத்தவுக போன நாம எப்படி எடுக்கிறது?" என்ற வாட்ச்மேன், மெசேஜைப் படித்துச் சொன்னார். பதினொன்றே காலுக்கு நாலாம் நம்பர் ரூம். அவர் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் போனது. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு அதை மறுபடியும் வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு ஓடினார். வழியில் கூடத்தில் நின்ற அம்மாவையும் கூட்டிக்கொண்டோம்.

நாலாம் நம்பர் ரூம் வாசலில் அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுகையை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது முகம். "எங்கப்பா போனீக?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே ஃபைல்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அப்பா அதில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, எடுத்து, பிறகுதான் உள்ளே காலை வைத்தார். அம்மாவும் வைத்தாள். எனக்கு எட்டவில்லை, எக்கி வைத்தேன்.

உள்ளே இருந்த மேடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் முடிச்சுப் போயாச்சு. நீங்க எங்க இருந்தீங்க? போனையும் எடுக்கல."

"போனு கேட்ல இருந்துச்சுங்க."

"ஏன்?"

"உள்ள கொண்டாரக் கூடாதுல்லங்க" என்றார் அப்பா. காலேஜ் சட்டத்தைக் காலேஜுக்கே எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அந்தப் பலகையில எதுக்குக் கை வச்சீங்க?"

அப்பா அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். "பழக்கங்க. எங்க கம்பெனியில ரூம் வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதத் தொட்டா ஒடம்புல இருக்கிற கரண்டு எறங்கிரும். தொடாமப் போனா, மருந்துல பொறி பறந்துரும்ங்க." கொஞ்சம் நிறுத்தி, "உள்ள இருக்கிற எல்லாருக்கும் ஆபத்து" என்றார்.

மேடம் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தார். கால் முழுக்கத் தார். கட்டிய ஃபைல் ஒன்றை அவரே அவிழ்த்தார். "உக்காருங்க."

பத்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். பொண்ணு எதுக்காகப் படிக்க வேண்டும் என்றதற்கு அப்பா அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லாப் படிக்கிறாங்க, அதான்" என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேடம் எதையோ எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரு தாளை அப்பாவின் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் தருவோம். இந்தப் பொண்ணுக்கு வாங்கினா, பின்னாடி இந்தப் பையனுக்கு இங்க கேக்க முடியாது. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

அப்பா பேனாவை எடுத்தார். தாளுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் பேனா நின்றது. வெயில் ஜன்னல் வழியாக வந்து அவர் நகக்கண்ணில் இருந்த வெள்ளியில் மினுக்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

அப்பாவுக்குத் தன் பெயரின் எழுத்துகள் மறந்துபோய்விட்டன என்று நினைத்தேன். அதிகாரிகளுக்கு முன்னால் அவர் மானம் போகக்கூடாதே என்று நானாகவே பேச்சை மாற்றினேன்.

"எனக்கு வேண்டாம் சார். எனக்குப் படிப்பு வராதுன்னு எங்க வாத்தியாரே சொல்லிட்டாரு. நான் கடைசி ரேங்க்கு சார்."

வாத்தியார்கள் இருவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள். சேலைக்குள் மூச்சு முட்டியது. அவள் விட்டபோது கையெழுத்து முடிந்திருந்தது.

திரும்பி வரும்போது விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தார் அப்பா. அக்காவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. தன் இலையில் இருந்ததைப் பிய்த்துப் பிய்த்து என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். முதல் மார்க் வாங்கியவள் பக்கத்தில் இருக்க, இவர் ஏன் எனக்கு வைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்ன ஜோக்குக்குப் பரிசு என்று முடிவு செய்து, ஒரு துண்டையும் விடாமல் தின்றேன்.

வாத்தியார் சொன்னதைப் பொய்யாக்காமல் எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டேன். அக்கா அப்போது அதே காலேஜில் மூன்றாம் வருடம். டி.சி. வாங்க அப்பா வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் மேஜையில் ரிஜிஸ்டரை விரித்துவைத்தும் பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"என்னய்யா, கையெழுத்துப் போட வராதா?"

"வரும் சார்" என்றார் அப்பா. "இவனுக்கு முன்னமே ஒருதடவ போட்டுட்டேன். அதான் கை ஓட மாட்டேங்குது."

ஹெட்மாஸ்டருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் விளங்கவில்லை. இன்றோடு பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்ற சந்தோஷத்தில் நான் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா திடீரென்று சைக்கிளை நிறுத்தி—

"ஏலே, தண்ணி லாரி வந்திருச்சு, எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன்! கொடத்தத் தூக்கிட்டு ஓடியாலே!"

இப்போது வாசலில் நின்று கத்துவது அம்மாதான். போகாவிட்டால் இன்னும் நாலு நாளைக்குத் தண்ணீர் இல்லை. போகிறேன்.