ஒரு கபுரின் படம்

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்வது என் வேலை. கீரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். சில காலமாக, ஏ.ஐ.யிடம் எழுதிக் கேட்டு போட்டோ வாங்குவதும் என் தலையில் விழுந்திருக்கிறது. பேக்கரிக்காரருக்கு அவர் செய்யாத கேக் வேண்டும். மனை விற்பவருக்கு, இன்னும் கட்டாத வீட்டு வாசலில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எழுதிக் கேட்கும் அந்த வாசகத்தை ப்ராம்ப்ட் என்பார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தட்டித் தடவித்தான் பிடிபட்டது. 'நிஜம் போல' என்று எழுதினால் நிஜம் வராது, மெழுகு பூசிய மாதிரி வரும். எந்த நேரத்து வெயில், அது எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எடுத்தவர் நின்றாரா குனிந்தாரா, ஓரத்தில் என்ன குப்பை கிடக்கிறது என்று எழுத வேண்டும். அழகில்லாதவற்றைச் சொன்னால்தான் படம் நம்பும்படி வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிடச் சின்னவர். மற்றவர்கள் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு அருகில் வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்த அவர் கணவர் ஒருநாள் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். உடலைக் கொண்டுவர நாளாகும் என்றதால் அங்கேயே அடக்கம் செய்ய இவர்கள் போனில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். கணவனை இழந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் முடிந்து அவர் வெளியே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"அவங்க கபுர் படம் ஒண்ணு வேணுங்க்கா," என்றார்.

கணவரை அடக்கிய இடத்தின் படம் அவருக்கு அல்ல, மாமியாருக்கு. மகன் இறந்ததை அந்த அம்மா நம்பவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறீர்கள் என்கிறார். மகனின் பழைய எண்ணுக்கு தினமும் போன் போடுகிறார். அந்த எண் இப்போது வேறு யாருக்கோ போயிருக்கிறது. எடுக்கிறவர் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். மகன்தான் குரலை மாற்றிப் பேசுகிறான் என்று இவர் அழுகிறார்.

அடக்கத்துக்குப் போனவர்களில் கணவரின் அறை நண்பர் ஒருவரைத்தான் இவர்களுக்குத் தெரியும். அவரும் படம் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லையாம்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. வயதான ஒருவரை ஏமாற்றுவதாகாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"மவுத்தானது நெசம். மண்ணு தள்ளுனது நெசம். படம் மட்டுந்தானக்கா இல்ல."

அதன் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. நண்பருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார். நான் கேட்கக் கேட்க யோசித்துச் சொன்னார். பொட்டல் வெளி, மரம் கிடையாது. வரிசை வரிசையாகத் தாழ்ந்த மண்மேடுகள். தலைமாட்டில் பெயர் எழுதாத ஒரு கல். அசர் தொழுகைக்குப் பிறகான சாயங்கால வெயில். மேட்டின் மீது தெளித்த தண்ணீர் அங்கங்கே காய்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஞாபகம் இல்லை என்றவர், வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

முதலில் வந்த படத்தில் பளிங்குக் கல்லறை, பின்னால் பேரீச்சை மரங்கள். அடுத்ததில் தூரத்தில் ஓர் ஒட்டகம் நின்றது. அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கூசியது. பாலைவனம் என்ற சொல்லை எடுத்தேன். நாட்டின் பெயரை எடுத்தேன். சரளைத் தரை, பாதி காய்ந்த ஈரம், சொரசொரப்பான சாம்பல் நிறக் கல், ஓரத்தில் நசுங்கிய தண்ணீர் பாட்டில், விலை குறைந்த போனில் நின்றபடி எடுத்தது, எடுத்தவரின் நிழல் கீழே மூலையில் விழுந்திருக்கிறது என்று எழுதினேன்.

வந்துவிட்டது. நிழலைப் பார்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கே யாரோ உண்மையிலேயே நின்றிருந்த மாதிரி இருந்தது. கல் சற்றுச் சாய்ந்திருந்தது. சரிசெய்யட்டுமா என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாமியார் நம்பிவிட்டார். போன் போடுவது அன்றோடு நின்றது. அழுது ஓய்ந்த பிறகு அவர் கண்ணில் பட்டது அந்தச் சாய்ந்த கல். பிள்ளையின் மீசான் கல்லைக்கூட நிமிர்த்தி வைக்க அங்கே ஆளில்லையா என்று கேட்க ஆரம்பித்தார். தினமும் அதே கேள்வி. தாங்க முடியாமல் மருமகள் நண்பரிடம் சொல்ல, அவர் ஒரு வெள்ளிக்கிழமை கபுர்கள் இருக்கும் அந்த மையவாடிக்குப் போயிருக்கிறார். அவரால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் புதிதாகப் பல வரிசைகள் வந்துவிட்டன. எல்லா மேடுகளும் ஒன்றுபோலவே இருந்தன. இந்த வரிசையில் ஏதோ ஒன்று என்று உத்தேசமாக ஒரு படம் எடுத்து அனுப்பினார்.

அதைக் காட்டியபோது மாமியார் தள்ளிவிட்டாராம். இது என் பிள்ளை கபுர் இல்லை, என் பிள்ளை கபுர் எனக்குத் தெரியாதா என்று என் படத்தை மடியில் வைத்துக்கொண்டாராம்.

இதையெல்லாம் அந்தப் பெண் சொல்லித்தான் அறிவேன். பங்குனி வெயிலில் ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். மாமியார் எப்படி இருக்கிறார் என்றேன். படுத்த படுக்கையாகிவிட்டாராம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.

"எங்க வீட்டுக்காரவங்கள நெனச்சு துஆ கேக்கையில எனக்கும் ஒங்க படந்தாங்க்கா வருது. அது அவங்க கபுர் இல்லன்னு எனக்குத் தெரியும். வேற எத நெனைக்கிறது?"

வரிசையை உத்தேசமாகவாவது சொன்ன நண்பரிடம் இன்னொரு முறை விசாரிக்கலாமே என்றேன். சொல்லும்போதே எனக்கு அதில் நம்பிக்கையில்லை. விசா முடிந்து அவர் ஊர் திரும்பிவிட்டாராம்.

"இனிமே கேக்க அங்கிட்டு ஆளே இல்லக்கா," என்றார்.

கோட்டைப்பட்டினம் பஸ் வந்தது. வாரேங்க்கா என்று சொல்லி ஏறி, ஜன்னலோரம் இடமிருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டார். நான் கடைக்குத் திரும்பினேன். மனை விற்பவர் ஒருவர் தன் புது நகருக்குப் பூங்கா படம் வேண்டும் என்று காத்திருந்தார்.