பாதிச் செபம்

என் அக்காவின் புருஷன் சந்தியாப்பிள்ளை அத்தான் மூதூர் லோஞ்சில், ஆட்களை ஏற்றிப்போகிற இயந்திரப் படகில், சுக்கான் பிடித்தவர். திருகோணமலை இறங்குதுறையிலிருந்து கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூருக்குப் போவதும், அங்கிருந்து திரும்பி வருவதும்தான் அவருடைய சீவியம். ஆள் நல்லவர். குடி இல்லை, சூது இல்லை, யாருடைய வம்புக்கும் போகமாட்டார். ஒரேயொரு குறைதான். உலகத்தில் எந்த விஷயத்தை எடுத்தாலும் அதற்கென்று சொந்தமாக ஒரு தத்துவம் வைத்திருப்பார். நீங்கள் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுவார். கேட்டுவிட்டீர்களோ, அன்று உங்களுக்கு வேறு வேலை நடக்காது.

செபத்தைப் பற்றியும் ஒன்று வைத்திருந்தார்.

"டேய் மச்சான், நீ டொக்டரிட்டைப் போய், ஐயா நான் இண்டைக்குச் சுகமா இருக்கிறன் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவியோ? வருத்தம் வந்தாத்தானே போவாய். ஆண்டவரும் அப்பிடித்தான். அவருக்கு எத்தினை சோலி! சும்மா சும்மா போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தா, உண்மையா ஆபத்து வரேக்கை, உவன் வழக்கமாத் தட்டுறவன்தானே எண்டு விட்டிடுவார். தேவை வரேக்கை ஒருக்காக் கூப்பிடவேணும். பலமாக் கூப்பிடவேணும். அவ்வளவுதான்."

இதைப் பங்குச் சுவாமியாரிடமே சொல்லியிருக்கிறார். சுவாமியார் நல்ல மனுஷர். தலையில் கை வைத்துக்கொண்டாராம். தன்னுடைய நியாயத்தை அவர் ஒத்துக்கொண்டதற்கு அதுவே அடையாளம் என்று அத்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்.

சொன்னபடி நடந்தும் காட்டுவார். ஒருமுறை கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாகிவிட்டது. விடிவதற்குள் பாலையூற்று மாதா கோயிலில் போய் நின்றார். நோவு போனால் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருவதாக நேர்ந்துகொண்டார். நோவு போய்விட்டது. அதன்பிறகு நேர்த்தியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அக்கா ஞாபகப்படுத்தினால், "மாதாவுக்கு என்ட முழங்காலின்ட நிலைமை தெரியாதே?" என்பார்.

அக்கா இராசமலர் வேறு மாதிரி. அவளிடம் தத்துவம் ஒன்றும் கிடையாது. காலையில் எழும்பினால் செபம், அடுப்பு மூட்ட முதல் செபம், பொழுதுபட்டால் செபமாலை. காய்ச்சல் என்றாலும் சொல்லுவாள், விருந்தாளி வந்தாலும் சொல்லுவாள். நானே சிலவேளை சோற்றை எதிர்பார்த்துப் போய் அந்தப் பாயில் அகப்பட்டிருக்கிறேன். செபமாலை முடியாமல் குசினிப் பக்கம் ஒரு கரண்டிச் சத்தமும் கேட்காது. பசியோடு முழங்காலில் இருப்பவனுக்குத்தான் செபமாலை எவ்வளவு நீளம் என்பது விளங்கும்.

செபமாலை சொல்லும் முறை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதாவை நோக்கிச் சொல்லுகிற அந்தச் சின்னச் செபத்தின் முதற்பாதியை ஒருவர் தொடங்குவார். இப்போதும் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிற மற்றப் பாதியை மிச்சப் பேர் சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். மணி மணியாக இப்படியே போகும். அந்த வீட்டில் தொடங்குவது எப்போதும் அக்கா. மிச்சப் பேர் என்பது அத்தான்.

அவர் பாயில் இருக்கமாட்டார். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, காலை நீட்டி, "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று தன் பாதியை உருட்டிவிடுவார். வருஷக்கணக்காக உருட்டியதில் சொற்கள் எல்லாம் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டன. நித்திரையிலும் பிழைக்காது. ஒருநாள் மத்தியானம் வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அத்தான் கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செய்தி வாசித்தவர் மூச்சுவிட ஒரு கணம் நிறுத்தினார். அத்தான் உடனே மாதாவைக் கூப்பிட்டுத் தன் பாதியைச் சொல்லி முடித்தார். செய்தி தொடர்ந்தது, குறட்டையும் தொடர்ந்தது.

இப்படிப்பட்ட மனுஷருக்கு அறுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்தில், உண்மையான ஆபத்து வந்தது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு மூதூரில் ஞானஸ்நானம். அக்காவும் நானும் முதல்நாள் போய், அடுத்தநாள் அத்தானின் லோஞ்சிலேயே திரும்பினோம். முதல்நாள் இரவு லோஞ்சு மூதூரில் நின்றதால் அத்தானும் எங்களோடு பிள்ளையின் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் வெளிக்கிடும்போது அக்கா வழக்கம்போல முழங்காலில் இருந்தாள். வாசலில் நின்ற அத்தான் பொறுமை கெட்டுப்போய், "லோஞ்சு உன்ட செபத்துக்காக நிக்காது. அங்க போய்ச் சொல்லன்!" என்று கத்தினார். அக்கா அசையவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்பி வந்தாள்.

லோஞ்சில் நல்ல சனம். மூதூர் யாவாரி ஸைனுலாப்தீன், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், பட்டணத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகிற தயிர்ச் சட்டிகளை நடுவில் அடுக்கி, யாரும் காலால் தட்டிவிடாமல் காவலுக்கு இருந்தார். கீழே இயந்திரத்தைப் பார்ப்பவர் கிண்ணியா அபூதாஹிர். வானம் கறுத்துக் கிடந்தது. ஆனால் கார்த்திகையில் வானம் எப்போது வெளுத்திருந்தது?

குடாவின் நடுப்பகுதிக்கு வந்தபோது வாடைக்காற்று கிளம்பிவிட்டது. காற்றோடு மழையும் சேர்ந்து இரண்டு பக்கக் கரையையும் மறைத்துவிட்டது. முதலாவது பெரிய அலையில் லோஞ்சு ஏறி இறங்கியபோது என் வயிறு மேலேயே நின்றுவிட்டது. இரண்டாவது அதைவிடப் பெரிது. அத்தான் எத்தனையோ மாரி பார்த்தவர்தான், ஆனால் இப்படி ஒன்றை அவரும் பார்த்திருக்கவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. மூன்றாவது அலை தூரத்தில் எழும்பி வருவதைக் கண்டதும், இத்தனை வருஷமாக ஆண்டவரைத் தொந்தரவு செய்யாமல் சேர்த்து வைத்த அந்த ஒரு கூப்பாட்டைப் போடுகிற வேளை வந்துவிட்டது என்று முடிவுசெய்தார்.

அதற்காக அவர் செய்த முதல் வேலை, சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பியது.

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் ஒருநாளும் செபத்தைத் தொடங்கியதில்லையே! தொடங்குவது அக்காவின் வேலை. முதற்பாதி அவர் வாய்க்குப் பழக்கமில்லை. திறந்த வாயிலிருந்து கடைசியில் வந்தது அவருக்குத் தெரிந்த பாதிதான். அதுவும் கதிரையில் உருட்டுவதுபோல அல்ல. பலமாகக் கூப்பிடவேண்டும் என்பது தத்துவமாயிற்றே. காற்றுக்கு மேலால் தொண்டை கிழியக் கத்தினார். முன்பகுதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. லோஞ்சிலிருந்த அத்தனை சனத்தின் காதிலும் தெளிவாக விழுந்தது அதன் வால்தான்.

"எங்கள் மரண நேரத்திலேயும்!"

சுக்கான் பிடிக்கிறவனே கையைக் கூப்பிக்கொண்டு மரண நேரத்தை அறிவித்தால் சனம் என்ன செய்யும்? ஸைனுலாப்தீன் காக்கா துள்ளி எழும்பினார்.

"யா அல்லாஹ்! சுக்கானியே மௌத்தைக் கூப்பிடுறாரே! கடல்ல ஓடுறவருக்குத் தெரியாததா? நம்மட கதை முடிஞ்சிது!"

அவ்வளவுதான். ஒருவர் கோணேசரைக் கூப்பிட்டார், ஒரு பெண் தன் பிள்ளையைக் கூப்பிட்டாள், எல்லோருமாகக் கரை இருக்கும் என்று நினைத்த பக்கத்துக்கு ஒரேயடியாக ஓடினார்கள். லோஞ்சு அந்தப் பக்கம் சரிந்தது. பிடிப்பாரில்லாத சுக்கான் தன்பாட்டில் சுழன்றது. அலைக்கு நேரே நின்ற லோஞ்சின் மூக்கு மெல்ல மெல்லத் திரும்பி, பக்கத்தைக் காட்டத் தொடங்கியது. பக்கத்தில் அடித்தால் கவிழ்ந்துவிடும் என்பது எனக்கே தெரியும். அத்தானுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மரண நேரத்தையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். கீழேயிருந்து தலையை நீட்டிய அபூதாஹிர், "மேல என்ன, கூட்டமா நடக்குது?" என்று ஏசினார்.

அப்போதுதான் அக்கா எழும்பினாள். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அத்தானின் சேட்டுக் கொலரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

"இஞ்சருங்கோ! செபம் காலமையே சொல்லியாச்சு. நீங்கள் சுக்கானைப் பிடியுங்கோ!"

அத்தான் கண்ணைத் திறந்தார். அக்கா தொடங்கினால் அவர் முடிக்கவேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிப்போன பழக்கம். கை தானாகப் போய்ச் சுக்கானைப் பிடித்தது. உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினார். மூக்கு திரும்பவும் அலைக்கு நேரே வந்தது. வந்த அலை முன்னால் அடித்து, எங்களைத் தலைமுதல் கால்வரை நனைத்துவிட்டு, கீழால் போனது.

அக்கா அதோடு விடவில்லை. பாதிப் பேரை மற்றப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினாள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இறைக்க ஒரேயொரு வாளி. அவள் கண் தயிர்ச் சட்டிகளில் விழுந்தது.

"காக்கா, குறை நினைக்காதீங்கோ. தயிரைக் கொட்டிப்போட்டுச் சட்டியால தண்ணி அள்ளவேணும்."

ஸைனுலாப்தீன் காக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மௌத்தைக்கூட ஒருவிதமாக ஏற்றுக்கொண்டிருந்த மனுஷர், தயிர் என்றதும் அழுதுவிட்டார். ஆனால் முதற் சட்டியைத் தன் கையாலேயே கடலில் கொட்டினார். பிறகு ஆளுக்கொரு சட்டி. அவ்வளவு நல்ல தயிரை மீனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் சட்டியை நான் குடித்துவிட்டுத்தான் தண்ணீர் இறைத்தேன். அதை அக்கா கண்டு பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எவ்வளவு நேரம் இறைத்தோம் என்று தெரியாது. இறங்குதுறையில் கயிற்றைக் கட்டியபோது ஒருவருக்கும் கையில் உயிரில்லை. சனம் கரையில் கால்வைத்ததும் அத்தானைச் சூழ்ந்துகொண்டு, அலைக்குள் லோஞ்சைத் திருப்பிய திறமையைப் புகழ்ந்தது. கையை விட்டதும் அவர்தான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வாய் நமநமத்தது. ஆனால் அத்தானைப் பார்த்தபோது பேசாமல் இருந்துவிட்டேன். அவர் புகழ்ச்சியைக் கேட்கவேயில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு, முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்ற அக்காவிடம் வந்தார்.

"மலர், உனக்குப் பயம் வரேல்லையோ?"

"வராமலோ? செத்தே போனன் எண்டுதான் நினைச்சன்."

"பிறகு எப்பிடி அந்த நேரத்தில செபம் சொல்லாம..."

"சொல்லவேண்டியதை முந்தியே சொல்லிப்போட்டனே. அதால கை ரெண்டும் வேலைக்கு இருந்தது."

அத்தான் அவள் முந்தானையின் மற்ற நுனியைப் பிடித்துப் பிழிந்தார். மழை விட்டிருந்தது. "காலமை என்ன சொன்னனீ?" என்று கேட்டார்.

"என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் கரை சேரவேணும் எண்டு. நீங்கள் லோஞ்சில ஏறுற ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொல்லுறனான். கலியாணம் கட்டின நாளில இருந்து."

அத்தானிடம் அதற்கும் ஒரு தத்துவம் இருக்கும் என்று நான் காத்துநின்றேன். இல்லை. இத்தனை வருஷமும் ஆபத்தில்லாத கடலில் தன் கெட்டித்தனத்தால் போய் வந்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனுஷர், அந்த ஈரத்துணியோடு நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தயிர் குடித்தவன் அழுதால் யாரும் நம்பமாட்டார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்தநாள் விடிய அவர் வேலைக்கு வெளிக்கிட்டு, சைக்கிளை வாசல்வரை உருட்டிக்கொண்டு போய், நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். அக்கா பாயில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முக்கி முனகி முழங்காலை மடித்தார்.

"நீங்கள் போங்கோ, நேரம் போகுது," என்றாள் அக்கா. "நான் சொல்லுறன்தானே."

"இல்லை. நீ என்னை நினைச்சுச் சொல்லுறாய். ஏறுற சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

அன்று மூதூர் லோஞ்சு பிந்தித்தான் வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு, அவர் ஓய்வெடுக்கும்வரை, ஒருநாளும் நேரத்துக்கு வெளிக்கிடவில்லை.